சிறு குளமும் தூண்டிலும்: ஓர் அறவிசாரம்

மீன் பிடித்தல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது உழைப்பு. நடுச்சாமத்தில் வள்ளத்தைக் கடலிலே தள்ளும் மனிதன், கரையில் நின்று கரைவலை இழுக்கும் கூட்டம், வெயிலிலே மீனைப் பரப்பிக் கருவாடாக்கும் பெண்கள், இவர்களையே நாம் நினைக்கின்றோம். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடியபோதும் அவர்கள் கண்ட பரதவர் இவ்வாறு உழைத்து வாழ்ந்தவர்களே. நமக்கு மீன் என்பது உணவு, விலைப்பொருள், சில வேளைகளில் உயிரையே பணயம் வைத்துப் பெறும் கூலி. பிடிப்பதற்காகவே பிடித்தல் என்ற எண்ணம் நம் கரையோர மக்களின் வாழ்விலே பெரிதாக இடம்பெற்றதில்லை.

ஆனால் உலகின் பிற பகுதிகளிலே, மீன் பிடித்தல் ஓய்வுநாளின் மகிழ்ச்சியாகவும் கருதப்படுகின்றது. அதிலும் மிக எளிய ஒரு வடிவத்தை நாம் இங்கு ஆராய எடுத்துக்கொள்கின்றோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சாஸ் மாநிலம் வெப்பம் மிக்கது. ட்றவுட் என்னும் மீனோ குளிர்நீரில் வாழ்வது. ஆயினும் ஒவ்வொரு மாரிகாலத்திலும் அம்மாநிலத்தின் பூங்கா, வனவிலங்குத் திணைக்களம் வளர்ப்பகங்களிலே வளர்ந்த வானவில் ட்றவுட் மீன்களை லொறிகளில் ஏற்றிவந்து, நகரப் பூங்காக்களிலுள்ள சிறு குளங்களிலே விடுகின்றது. தாயும் தந்தையும் பிள்ளைகளும் குளக்கரைக்கு வருகின்றனர். ஒரு சாதாரணத் தூண்டிற்கம்பு, ஒரு மிதவை, சிறிய தூண்டில் முள், இரையாக மண்புழு அல்லது சோளமணி, இவ்வளவே அவர்களுடைய சாதனம். பதினேழு வயதுக்குட்பட்டவர்களுக்கு அநுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. ஒருவர் ஒரு நாளில் 5 மீன்களுக்கு மேல் எடுத்துச் செல்லலாகாது. மாலையில் அம்மீன்கள் அந்தக் குடும்பத்தின் உணவாகின்றன.

இக்காட்சியில் ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்று வாசகர் கேட்கலாம். உலகிலே போரும் பசியும் வேலையின்மையும் தலைவிரித்தாடும்போது, குளக்கரையில் ஒரு குடும்பம் மீன் பிடிப்பதைப் பற்றி அறவிசாரம் செய்வது வீண் வேலை எனவும் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சமுதாயம் எவ்வாறு உழைக்கின்றது என்பதை அறிந்தால் அதன் பாதி வாழ்வையே அறிந்தவராவோம். எவ்வாறு ஓய்வெடுக்கின்றது என்பதையும் அறிந்தாலன்றி மறுபாதி விளங்காது. அன்றியும், சிறு பிள்ளை ஒன்று தன் கையாலேயே ஓர் உயிரை முதன்முதலாகக் கொல்லும் இடம் அக்குளக்கரை. அங்கே அது என்ன பாடத்தைக் கற்றுக்கொள்கின்றது என்பது ஆசிரியர்களாகிய நமக்கும் மாணவர்களுக்கும் அற்பமான கேள்வியன்று.

இக்கேள்விக்கு இரண்டு பக்கங்களிலிருந்தும் விரைவான விடைகள் கிடைக்கின்றன. பசியில்லாதவன் களிப்புக்காக உயிரை வதைப்பது கொடுமை. ஆதலால் இதனை முற்றாக ஒழிக்கவேண்டும் என்பது ஒன்று. மனிதன் துன்புறும்போது மீனுக்கு இரங்குவது வயிறு நிரம்பியவர்களின் ஆடம்பரம். ஆதலால் இதனைப் பேசவே வேண்டாம் என்பது மற்றொன்று. இரண்டுமே சிந்தனையைத் தொடங்குமுன் முடித்துவிடும் விடைகள். முதலாவது விடை அக்குளக்கரைக்கு வரும் மனிதனைக் காணவில்லை. இரண்டாவது விடை தூண்டிலின் மறுமுனையில் இருக்கும் உயிரைக் காணவில்லை. அறம் என்பது இரு முனைகளையும் ஒருங்கே காண்பதாகும்.

முதலில் மனிதன் நிற்கும் முனையைப் பார்ப்போம். ட்றவுட் மீனின் வரலாறு, நீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியின் வரலாறாகும். இங்கிலாந்தில் ட்றவுட்டும் சமன் மீனும் உயர்ந்தோர் பிடிக்கும் மீன்கள் எனவும், மற்றைய நன்னீர் மீன்கள் தாழ்ந்த வகையின எனவும் பிரிக்கப்பட்டன. மீனுக்குள்ளே சாதி இல்லை. அதனைப் பிடிப்பவர்களுக்குள்ளே இருந்த வர்க்கவேறுபாடே மீன்மீது ஏற்றப்பட்டது. தெளிந்த ஆறுகளின் கரைகள் நிலப்பிரபுக்களுக்கும், பின்னர் செல்வர்களின் கழகங்களுக்கும் உரியனவாயின. செபீல்ட் போன்ற கைத்தொழில் நகரங்களின் தொழிலாளர்களோ, ஓய்வுநாளிலே ரயிலேறிச் சென்று கால்வாய்களின் ஓரத்தில் அமர்ந்து தாழ்ந்த வகை எனப்பட்ட மீன்களைப் பிடித்தனர்.

1723ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். கறுப்புச் சட்டம் என வழங்கும் அது, பிரபுக்களின் மான்காடுகளிலே முகத்திற் கரிபூசிக்கொண்டு வேட்டையாடியவர்களை ஒடுக்க எழுந்தது. அச்சட்டத்தின் கீழ் மரணதண்டனைக்குரிய குற்றங்களாக எண்ணப்பட்டவற்றுள், மீன்குளத்தின் அணையை உடைத்தலும் ஒன்று. ஒரு குளத்தின் வரம்பு மனிதனின் கழுத்தைவிடப் பெறுமதி வாய்ந்ததாகக் கருதப்பட்ட காலம் அது. சரித்திராசிரியர் ஈ. பி. தொம்சன் 1975இல் வெளியிட்ட நூலொன்றில் இச்சட்டத்தின் வர்க்க அடிப்படையை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். எந்தப் பிள்ளையும் இலவசமாக வந்து மீன் பிடிக்கலாம் என்று ஒரு குளம் திறந்துவிடப்படுவது எத்துணைப் பெரிய மாற்றம் என்பதை, இச்சட்டத்தின் அருகே வைத்து நோக்கினாலன்றி நாம் உணரமாட்டோம்.

இவ்வரலாற்றிலே நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ட்றவுட் இலங்கைக்குரிய மீனன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கிலேயர் அதன் முட்டைகளைக் கப்பலில் தருவித்து, நுவரெலியாவின் குளிர்ந்த நீர்நிலைகளிலும் ஹோர்ட்டன் சமவெளியின் அருவிகளிலும் அதனைப் பரப்பினர். தாம் விட்டுவந்த தாயகத்தின் ஒரு மூலையை மலைநாட்டிலே கட்டியெழுப்ப அவர்கள் விரும்பினர். குதிரைப் பந்தயமும் கோல்வ் மைதானமும் போல ட்றவுட் மீனும் அவ்விருப்பத்தின் ஓர் அங்கமாயிற்று. அதே மலைகளிலே கொழுந்து பறித்த தோட்டத் தொழிலாளரின் லயத்துக்கும், துரைமார் தூண்டில் வீசிய ஓடைக்கும் இடையிலிருந்த தூரம் மைல்களால் அளக்கத்தக்கதன்று. ஓடை ஒன்றே, ஆனால் ஒருவனுக்கு அது பொழுதுபோக்கு, மற்றவனுக்கு அது கடந்து வேலைக்குப் போகும் வழி.

வானவில் ட்றவுட்டின் பிறப்பிடத்திலும் இதையொத்த கதையே நிகழ்ந்தது. கலிபோர்னியாவின் மக்கிளவுட் ஆற்றங்கரை வின்னமெம் வின்ட்டு என்னும் பழங்குடி மக்களின் நிலம். அங்கே 1872இல் அமெரிக்க அரசு ஒரு மீன்வளர்ப்பு நிலையத்தை அமைத்தது. சில ஆண்டுகளில் அவ்வாற்றிலிருந்து வானவில் ட்றவுட்டின் முட்டைகள் பல திசைகளுக்கும் அனுப்பப்பட்டன. இன்று உலகின் பல கண்டங்களிலே, குளங்களிலும் பண்ணைகளிலும் நீந்தும் இம்மீனின் மூதாதையருட் சில அந்த ஆற்றிலிருந்து புறப்பட்டவையே. மீன் உலகெங்கும் பரவியது. ஆற்றின் பழைய மக்களோ நிலமிழந்தனர். 1945இல் நிறைவுற்ற சாஸ்டா அணையின் நீர் அவர்களுடைய ஊர்களையும் இடுகாடுகளையும் மூழ்கடித்தது. பூங்காக் குளத்திலே துள்ளும் ஒரு மீனுக்குப் பின்னால் இத்தனை சரித்திரம் மறைந்துகிடக்கின்றது.

சரித்திரத்தின் குற்றம் அனைத்தையும் குளக்கரையிலிருக்கும் குடும்பத்தின் தலையிற் சுமத்தலாமா? சுமத்தலாகாது என்பதே நம் கருத்து. நேற்றுவரை ஒரு சிலருக்கே உரியதாயிருந்த இன்பம் இன்று பலருக்கும் உரியதாயிருப்பின், அதனை ஒழிப்பதாற் பழைய அநீதி தீராது. ஓய்வு என்பது ஆண்டவன் அருளிய கொடையன்று. தொழிலாளர் போராடிப் பெற்றது. எட்டு மணிநேர வேலைநாளுக்காகச் சிந்தப்பட்ட இரத்தத்தை மேதினம் ஆண்டுதோறும் நமக்கு நினைவூட்டுகின்றது. இங்கிலாந்திலேகூட, கூலியுடன் கூடிய விடுமுறைக்கென ஒரு சட்டம் 1938இல்தான் இயற்றப்பட்டது. மார்க்ஸின் மருமகன் போல் லபார்க் சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றி 1880இல் ஒரு சிறு நூலே எழுதினார். மார்க்ஸும் எங்கெல்ஸும் 1845-46இல் எழுதிய 'ஜெர்மானியச் சித்தாந்தம்' என்ற கையெழுத்துப் பிரதியிலே, வேலைப் பிரிவினையின் தளையிலிருந்து விடுபட்ட மனிதனின் ஒரு நாளைக் கற்பனை செய்தபோது, மீன் பிடித்தலுக்கும் அதில் இடமளித்தனர். ஆகவே உழைப்பவன் தன் பிள்ளைகளோடு நீர்க்கரையில் அமர்ந்திருத்தலை வெறும் பூர்ஷ்வாக் கேளிக்கை என்று தள்ளிவிட முற்போக்காளர் எவருக்கும் நியாயமில்லை.

இனித் தூண்டிலின் மறுமுனைக்கு வருவோம். மீனுக்கு வலி உண்டா? வெகுகாலம் இக்கேள்விக்கு விடை அவரவர் மனப்போக்கைப் பொறுத்ததாயிருந்தது. குளிர்ந்த இரத்தமுள்ள பிராணி என்ற சொல்லே குற்ற உணர்வைத் தணிக்கப் போதுமாயிருந்தது. 2003இல் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் லின் சினெடனும் அவரோடு பணியாற்றியோரும் வானவில் ட்றவுட்டையே எடுத்து ஆராய்ந்தனர். தீங்கு தரும் தூண்டல்களை உணரும் நரம்பு முனைகள் அம்மீனின் தலைப்பகுதியிலே உள்ளன எனக் கண்டனர். உதட்டிலே தேனீ விடத்தை அல்லது அசற்றிக் அமிலத்தை ஏற்றியபோது மீன்கள் இருபக்கமும் ஆடின. அமிலம் ஏற்றப்பட்டவை உதட்டைத் தொட்டியின் கற்களிலே தேய்த்தன. இரை தின்பதை நெடுநேரம் தவிர்த்தன. வலி தணிக்கும் மோபின் கொடுக்கப்பட்டபோது அந்நடத்தை பெரிதும் குறைந்தது.

இம்முடிவை எல்லா அறிஞரும் ஏற்றுக்கொள்ளவில்லை. மனிதனில் வலியுணர்வோடு தொடர்புடைய பெருமூளைப் புறணி மீனுக்கு இல்லையாதலால், அது காட்டுவது வெறும் எதிர்வினையே, நாம் அறியும் வலியன்று என வாதிடுவோரும் உளர். நம்மைப் போன்ற இலக்கிய மாணவர்கள் இவ்விவாதத்திற்குத் தீர்ப்புக் கூற முடியாது. ஆயினும் தீர்ப்பு வரும்வரை எவ்வாறு நடந்துகொள்வது என்பது விஞ்ஞானக் கேள்வியன்று; அறக் கேள்வி. வீட்டினுள்ளே ஆள் இருக்கின்றாரா இல்லையா என்று ஐயம் நிலவும்போது, அவ்வீட்டுக்குத் தீ வைப்பவன் ஐயத்தைச் சாட்டாகச் சொல்ல முடியாது. வலி இருக்கக்கூடும் என்பதே, தேவையின்றி அதனை விளைவிக்காதிருத்தற்குப் போதிய காரணம்.

மீனின் பக்கத்திலிருந்து தூண்டிலைக் காணும் மரபு நம் இலக்கியத்திலும் உண்டு. வள்ளுவர் சூது என்ற அதிகாரத்திலே, சூதாடுபவன் பெறும் வெற்றிக்குத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனை உவமையாக்குகின்றார். இரையென்று நம்பியது இரும்பாய் முடிந்த ஏமாற்றம் அவ்வுவமையில் இருக்கின்றது. ஜெர்மனியக் கவிஞர் சூபார்ட் ட்றவுட் மீனைப் பற்றியே ஒரு பாடல் எழுதினார். தெளிந்த நீரில் மீனைப் பிடிக்க இயலாத தூண்டிற்காரன், பொறுமையிழந்து நீரைக் கலக்கி அதனைப் பிடித்துவிடுவதே அப்பாடலின் செய்தி. சூபார்ட் வியுத்தெம்பேர்க் பிரபுவைத் தாக்கி எழுதியவர். அதற்காக வஞ்சகமாக அப்பிரபுவின் எல்லைக்குள் வரவழைக்கப்பட்டு, 1777 முதல் 1787 வரை சிறையில் அடைக்கப்பட்டார். சிறையிலிருந்தபோதே அவர் இப்பாடலை எழுதினார் என்பதை அறிந்தவர்களுக்கு, கலங்கிய நீரின் பொருள் மீனோடு நின்றுவிடாது. 1817இல் சூபேட் அமைத்த இனிய இசையாற் புகழ்பெற்ற அப்பாடலை உலகம் இன்று ஓர் இன்னிசையாகவே கேட்கின்றது. இசையின் இனிமை கதையின் கசப்பை மறைத்துவிட்டது.

மென்மையான குரல் கொடுமையை மறைப்பதற்கு மற்றோர் உதாரணம் ஐசக் வோல்ற்றன். 1653இல் வெளிவந்த அவருடைய தூண்டில் நூல், அமைதியான வாழ்வின் இலக்கணமாக ஆங்கிலேயராற் போற்றப்படுவது. உயிருள்ள தவளையைத் தூண்டிலிற் கோக்கும் முறையையும் அந்நூல் அதே அமைதியான குரலிற் கற்பிக்கின்றது. பைரன் அவரைக் கடுமையாகப் பரிகசித்ததற்குக் காரணம் உண்டு. பொழுதுபோக்கின் அழகைப் பாடுபவன், அழகின் விலையை யார் கொடுக்கின்றார் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவன்.

இவ்விடத்தில் ஒரு வழி நமக்குக் காட்டப்படுகின்றது. பிடித்த மீனை மறுபடியும் நீரிலே விட்டுவிட்டாற் போயிற்று. பிடித்த இன்பமும் கிடைக்கும், கொல்லாத புண்ணியமும் கிடைக்கும் என்பர். முதற்பார்வையில் இது கருணையாகவே தோன்றுகின்றது. சற்று ஆழ்ந்து நோக்கினால் இதிலுள்ள முரண்பாடு வெளிப்படும். உணவுக்காகக் கொல்பவன் ஒரு தேவையை முன்னிட்டு வலியை விளைவிக்கின்றான். விடுவதற்காகவே பிடிப்பவனுக்கோ அந்தத் தேவையும் இல்லை. மீனின் போராட்டமே அவனுக்கு இன்பம். அப்படியாயின் வலி இங்கு வழியில் நேர்ந்த துன்பமன்று. விளையாட்டின் உட்பொருளே அதுதான். சுவிற்சர்லாந்து 2008இல் நடைமுறைப்படுத்திய விலங்குப் பாதுகாப்பு விதிகள், விடுவிக்கும் நோக்கத்தோடு மீன் பிடித்தலைத் தடைசெய்தமைக்கு அடிப்படை இதுவே. ஜெர்மனியிலும், நியாயமான காரணமின்றி விலங்குக்கு வலி விளைவிக்கலாகாது என்ற சட்டத்தின்படி, உண்பதற்காகப் பிடித்தலே பொதுவாக நியாயமான காரணமாகக் கொள்ளப்படுகின்றது.

சிறு குளத்தைப் பொறுத்தவரையில் விடுவித்தல் பெரும்பாலும் கருணையுமன்று. ட்றவுட் மீனின் இயல்பை நோக்குக. நீரின் வெப்பம் ஏறத்தாழ 20 பாகை செல்சியசைத் தாண்டும்போது அது துன்புறத் தொடங்குகின்றது. 25 பாகையை அணுகினால் உயிர்பிழைத்தல் அரிது. வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் குறைகின்றது. மீனுக்கோ கூடுதலான ஒட்சிசன் தேவைப்படுகின்றது. முட்டையிடுவதற்கும் அதற்கு ஓடும் குளிர்நீரும் பரற்கற்கள் நிறைந்த படுக்கையும் வேண்டும். டெக்சாஸின் ஆழமற்ற பூங்காக் குளத்தில் இவையொன்றும் இல்லை. மாரியில் விடப்பட்ட மீன், பிடிபடாது எஞ்சினால், கோடை வெயிலில் மெல்ல மூச்சுத் திணறி இறக்கும். இரையோடு முள்ளை ஆழமாக விழுங்கிய மீனை விடுவித்தாலும் அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. எனவே அக்குளத்தில் மீனை விடுவிப்பவர், அதற்கு உயிர்ப்பிச்சை அளிப்பதாக நினைத்துக்கொண்டு, மரணத்தைத் தம் கண்ணுக்கு அப்பால் ஒத்திவைக்கின்றார். கண்ணிற் படாத துன்பம் துன்பமன்று என்ற நினைப்பு சமூக வாழ்விலும் நாம் அன்றாடம் சந்திக்கும் நோயாகும்.

இந்நோயை நன்கு அறிந்தவர் வள்ளுவர். புலான்மறுத்தல் என்ற அதிகாரத்தில் அவர் கொல்பவனை மட்டும் குற்றஞ்சாட்டி நின்றுவிடவில்லை. தின்பவன் விலைகொடுத்து வாங்குவதனாலேயே விற்பவன் கொல்கின்றான் என்று பொறுப்பைச் சங்கிலியின் இறுதிக் கண்ணி வரையில் கொண்டுசெல்கின்றார். இது பொருளாதார நோக்குடைய வாதம். இன்றும் வலிமை குன்றாதது. புலாலை முற்றாகத் துறந்தவர் குளக்கரைக் குடும்பத்தைக் கண்டித்தால், அக்கண்டனத்துக்கு நாம் தலைவணங்குகின்றோம், அது முரணற்றது. ஆனால் சந்தையில் வெட்டிய மீனை வாங்கி உண்டுவிட்டு, தன் கையாற் பிடித்து உண்பவனைக் கொடியவன் என்பவரின் கண்டனம் எவ்வகையிற் பொருந்தும்? அவர் கொலையை ஒழிக்கவில்லை. அதனைக் கூலிக்கு வேறொருவன் கையில் ஒப்படைத்திருக்கின்றார். கொலைத்தொழிலைச் சிலர் தலையிற் சுமத்தி, பின்னர் அத்தொழிலைச் செய்ததற்காகவே அவர்களை இழிந்தோர் என்று ஒதுக்கிய சமுதாயம் நம்முடையது. கரையோர மக்களையும் இறைச்சி விற்போரையும் இகழ்ந்துகொண்டே மீனையும் இறைச்சியையும் சுவைத்த வீடுகள் நம்மூரிற் குறைவல்ல. அந்தப் பொய்மையோடு ஒப்பிடும்போது, தான் உண்ணும் உயிரைத் தானே கொன்று, அதன் பாரத்தைத் தானே சுமக்கும் மனிதனிடத்தில் ஒரு நேர்மை இருக்கின்றது.

இதுவே பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய பாடமும் ஆகும். தட்டிலே வரும் உணவு எங்கிருந்தோ தானாக வருவதன்று. அது ஓர் உயிராயிருந்தது என்பதை அந்தப் பிள்ளை காண்கின்றது. ஆனால் இப்பாடம் தானாகக் கிடைத்துவிடாது. உடனிருக்கும் பெரியவர்களைப் பொறுத்தே கிடைக்கும். பிடிபட்ட மீனைப் புல்லிலே துடிக்க விட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் தந்தை கற்பிப்பது ஒரு பாடம். உடனே தலையில் அடித்து அதன் துன்பத்தை முடித்து, இவ்வளவே நமக்கு வேண்டும் என்று தூண்டிலைச் சுருட்டும் தாய் கற்பிப்பது வேறொரு பாடம். முதலாவது பிள்ளை, பலமற்ற உயிர் தன் களிப்புக்காகவே படைக்கப்பட்டதென்று எண்ணி வளரும். நாளை அது மனிதரையும் அவ்வாறே நோக்காதென்று யார் உறுதி கூற முடியும்? இரண்டாவது பிள்ளை, எடுத்தலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அறிந்து வளரும். உலகின் செல்வத்தை எல்லையின்றி எடுத்தலையே சட்டமாகக் கொண்ட ஓர் அமைப்பிலே, போதும் என்ற சொல் ஒரு புரட்சிகரமான சொல்லாகும்.

எனினும் குளக்கரையை நாம் இலட்சியமயமாக்கிவிடலாகாது. லொறியில் வந்திறங்கும் மீன் இயற்கையின் கொடையன்று. அது ஓர் உற்பத்திப் பொருள். வளர்ப்பகத்து ட்றவுட்டின் தீனியிலே மீன்தூள் சேர்கின்றது. உலகச் சந்தைக்கு மீன்தூளைப் பெருமளவில் அளிப்பது பெரு நாட்டின் கடலிற் பிடிக்கப்படும் அஞ்சோவெட்டா என்னும் சிறுமீன். 1972ஐ ஒட்டி அந்த மீன்வளம் சரிந்தபோது அந்நாட்டின் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் பட்ட துன்பம் பெரிது. ஏழை நாட்டின் கடலிலிருந்து எடுத்த சிறுமீனைச் செல்வநாட்டின் பெருமீனுக்கு ஊட்டும் ஏற்பாட்டை, குளக்கரையின் அமைதி நமக்குச் சொல்வதில்லை. அன்றியும், அயல்நாட்டு நீர்நிலைகளில் விடப்பட்ட ட்றவுட் ஆங்காங்கே உள்ள சிற்றுயிர்களை உண்டு அழித்தமையால், வானவில் ட்றவுட்டும் பழுப்பு ட்றவுட்டும் உலகின் மிகத் தீங்கான 100 அந்நிய இனங்களின் பட்டியலிலே இடம்பெற்றுள்ளன. கோடையில் உயிர்வாழ முடியாத ஒரு குளத்தில் விடப்படும் மீனால் இத்தீங்கு குறைவு; மலையருவியில் விடப்படும் மீனாலோ அது நிலைத்துவிடுகின்றது. இந்த வேறுபாட்டைக் கருதாமல் எல்லாக் குளங்களையும் ஒன்றாகப் பேசுவது பிழையாகும்.

இதனிலும் அடிப்படையான ஒரு கேள்வி உண்டு. நகரத்துத் தொழிலாளிக்கு மீன் பிடிக்க ஒரு செயற்கைக் குளம் ஏன் தேவைப்படுகின்றது? ஆறுகள் அணைகளாலே மறிக்கப்பட்டன, பல ஆறுகள் ஆலைக்கழிவினால் நஞ்சாயின, கரைகள் தனியுடைமையாயின. இவ்வாறு பொதுவிலிருந்து பறிக்கப்பட்டதன் ஒரு சிறு துளியே, வேலியிட்ட பூங்காவுக்குள் அவனுக்குத் திருப்பித் தரப்படுகின்றது. அதற்கும் அவனே விலை கொடுக்கின்றான். அமெரிக்காவில் 1950இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, தூண்டிற் சாதனங்களின்மீது விதிக்கப்படும் வரியே இத்தகைய பணிகளுக்குப் பெருமளவில் உதவுகின்றது. ஆகவே சிறு குளம் ஒரே வேளையில் வெற்றியுமாகும், இழப்பின் அடையாளமுமாகும். பொதுமக்களுக்கென ஒரு நீர்நிலை திறந்திருத்தல் வெற்றி. உயிருள்ள ஆற்றுக்குப் பதிலாக லொறி நிரப்பும் குளத்தோடு மக்கள் திருப்திப்பட நேர்ந்தமை இழப்பு. முற்போக்குச் சிந்தனை இரண்டையும் காணவேண்டும். ஒன்றைக் கண்டு மற்றதை மறந்தால் அது வெறும் மகிழ்ச்சியாகவோ வெறும் புலம்பலாகவோ முடியும்.

இவ்வளவும் ஆராய்ந்தபின் நாம் வந்தடையும் முடிவு யாது? எளிய குடும்பமொன்று சிறு குளத்திலே தன் உணவுக்கு அளவாக மீன் பிடித்தல் குற்றமன்று. ஆனால் அது குற்றமற்றதாயிருப்பது சில நிபந்தனைகளின் மேலேயே தங்கியிருக்கின்றது. உண்ணக் கருதியதை மட்டும் எடுக்கவேண்டும். எடுத்த உயிரின் துன்பத்தை இயன்றவரை விரைவாக முடிக்கவேண்டும். அந்நீருக்குரிய ஏனைய உயிர்களுக்குக் கேடு விளைதலாகாது. அந்நீர் ஒருவருக்கன்றி எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டும். இவற்றுள் முதலிரண்டும் தனிமனிதனின் கையில் உள்ளவை. பின்னிரண்டும் சமுதாயத்தின் கையில் உள்ளவை. தனிமனித ஒழுக்கத்தை மட்டும் பேசி நிறுத்துவோர் பின்னிரண்டையும் மறைக்கின்றனர். சமுதாய மாற்றத்தை மட்டும் பேசி நிறுத்துவோர், மாற்றம் வரும்வரை தம் கையிலுள்ள தூண்டிலுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று எண்ணுகின்றனர். இருவருமே அறத்தின் பாதியைக் கைவிட்டவர்கள்.

இங்கே மீனைப் பற்றிக் கூறியவை மீனோடு மட்டும் முடிந்துவிடுவனவல்ல. பலம் வாய்ந்தவன் பலமற்ற உயிரோடு எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும், பொதுவான செல்வத்தை எவ்வாறு பகிரவேண்டும், தன் இன்பத்தின் விலையை யார் கொடுக்கின்றார் என்று கேட்கும் வழக்கம் நமக்கு உண்டா என்பன எல்லாம் ஒரே கேள்வியின் பல முகங்கள். நாளைய சமுதாயத்திலே உழைப்பவர் அனைவருக்கும் ஓய்வும் நீர்க்கரையும் கிடைக்கவேண்டும் என்று நாம் போராடுகின்றோம். அந்தக் கரையிலே அமரும் மனிதன், பழைய பிரபுவின் மனத்தோடு அமர்வானாயின் நம் போராட்டம் பாதியிலே நின்றதாகும். பிரபுவிடமிருந்து குளத்தை மட்டுமன்றி, குளத்தைப் பார்க்கும் பார்வையையும் மீட்டெடுத்தல் வேண்டும்.